மரத்தின் நிறம், சாயத்தின் நிறம்: இத்தாலியில் தார்சியா பார்த்த நாட்குறிப்பு

அக்டோபர் 3, தூரின்

பல நிற மரத்துண்டுகளை வெட்டிப் பொருத்திப் படமாக்கும் தார்சியா வேலையைத் தேடித்தான் இந்தப் பயணம். காலை முதலே தூறல். ஆனால் குடை விரிக்க வேண்டியதில்லை. அரண்மனைச் சதுக்கத்திலிருந்து ஆற்றை நோக்கிப் போகும் வியா போ தெருவின் இடப்பக்கம் நெடுக வளைவுக் கூரையுள்ள நடைபாதை. குறுக்குத் தெருக்களுக்கு மேலும் கூரையைத் தொடர்ந்து கட்டியிருக்கிறார்கள். அக்கோர்சி-ஒமெத்தோ அலங்காரக் கலை அருங்காட்சியகம் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. பியெத்ரோ பிஃபெத்தி 1738இல் செய்து கையெழுத்திட்ட இரண்டடுக்கு அலமாரியைப் பார்க்க வேறெங்கும் போக முடியாது.

பிஃபெத்தி (1701–1777) ரோமில் தொழில் பழகியவர். 1731இல் சவோய் அரசவையின் தச்சரானார். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பியெமோந்தே பகுதியின் அரசவைக்குப் பாரிஸ் பாணி மேல் மோகம். ஆனால் பாரிஸ்காரர்கள் தயங்கிய அளவுக்குப் பிஃபெத்தி தந்தத்தை அள்ளிப் போட்டார். கருங்காலி, ஈட்டி போன்ற அடர்நிற மரங்களின் மேல் தந்தப் பூக்கள், முத்துச்சிப்பி, ஆமையோடு. பூவிதழின் நரம்புகளைத் தந்தத்தில் ஊசி உளியால் கீறி, கீறலில் கறுப்பு மெழுகைத் தேய்த்து நிரப்புவார்கள். ஆமையோடு ஒளி ஊடுருவும் பொருள். அதனால் அடியில் சிவப்பு நிறமியோ தங்கத் தாளோ வைத்துத்தான் ஒட்டுவது வழக்கம். பின்னணி மாறினால் அதே ஓடு வேறு நிறம் காட்டும்.

இந்த அலமாரிகளில் நேரான பரப்பே கிடையாது. வயிறு முன்னால் புடைக்கும், பக்கங்கள் உள்ளே வளையும். வளைந்த பரப்பில் மரத்தகடு ஒட்ட அந்தக் காலத்தில் பழக்கத்தில் இருந்த வழி, சூடான மணல் மூட்டையை அழுத்திக் கட்டுவது. மணல் வளைவுக்கேற்பப் படியும், வஜ்ஜிரமும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) சூட்டில் இளகி எங்கும் பரவும். கெடுவதும் இதே இடத்தில்தான். ஈரம் ஏறினால் மரம் ரேகைக்குக் குறுக்கே விரியும், தந்தம் தன் போக்கில் வளையும், இடையில் பதித்த பித்தளைக் கோடு அசையாது. ஒரே பரப்பில் மூன்று விதமாக இழுத்தால் ஓரங்கள் எழும்பத்தான் செய்யும். பித்தளைக் கோடு பெயர்ந்த இடங்களைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் அடிப்பலகைகளின் இணைப்புக்கு நேர் மேலே இருக்கும்.

பிற்பகல் அரண்மனைக்கு, நுழைவுக் கட்டணம் 15 ஈரோ. காவலர் ஒருவர் கைப்பேசி விளக்கை அணைக்கச் சொன்னார். சொன்ன கையோடு, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று பார்க்குமாறு இடமும் காட்டினார். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழும்பிய ஓரமும் பிற்காலத்து ஒட்டும் கண்ணில் படும். மாலையில் பிசெரின்: காப்பி, சூடான சாக்லேட், மேலே பாலாடை, கலக்காமல் குடிக்க வேண்டும். 7 ஈரோ. கல்லாவின் முன் நின்றபடி குடிக்கும் எஸ்பிரெசோ 1.30தான், உட்கார்ந்தால் விலை இரட்டிப்பு.

அக்டோபர் 4, மிலான்

ஸ்ஃபோர்சா கோட்டையின் மரச்சாமான் பிரிவுக்குள் நுழைந்ததும் தூரினின் ஆரவாரம் அடங்கிவிடுகிறது. ஜுசெப்பே மஜ்ஜோலினி (1738–1814) மிலானுக்கு அருகே பராபியாகோவைச் சேர்ந்த தச்சர். மிலானை நிர்வகித்த ஆஸ்திரிய இளவரசர் ஆர்ச்டியூக் ஃபெர்டினாண்டின் அவைக்கு வேலை செய்தார். ஆந்திரேயா அப்பியானி, ஜுசெப்பே லெவாத்தி போன்ற ஓவியர்கள் அவருக்கு வரைந்து கொடுத்தார்கள். அந்த வரைபடங்களின் பெருந்தொகுப்பு இதே கோட்டையில் இருக்கிறது. வரைபடம் ஓவியனுடையது, மரத் தேர்வு தச்சனுடையது என்ற பிரிவினையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆவணத் தொகுப்பு அரிது.

அவருடைய பெட்டியலமாரிகளில் கோடுகள் நேர், கால்கள் நேர், கைப்பிடிகளைக்கூடப் படம் கெடாத இடத்தில் ஒதுக்கியிருக்கிறார். முன்பக்கம் முழுவதும் ஒரே பலகை போல ஒரு படம். இழுப்பறைகளின் பிளவு அதன் நடுவே ஓடினாலும் ரேகை அறுந்து தெரியாது. ஒரே தகட்டிலிருந்து அடுத்தடுத்து வெட்டி வரிசை மாறாமல் ஒட்டினால்தான் அப்படி வரும். அவர் பயன்படுத்திய மரங்கள் 86 வகை என்று சொல்வார்கள். முடிந்தவரை மரத்தின் சொந்த நிறத்தையே நம்பினார், பச்சைக்கும் நீலத்துக்கும் மட்டும் சாயம். இந்த முடிவின் விலை என்ன, பலன் என்ன என்பது அடுத்து வரும் ஊர்களில்தான் உறைக்கும்.

அதே கோட்டையில் செர்த்தோசினா வேலையையும் பார்க்கலாம். லொம்பார்தியிலும் வெனீஸ் பகுதியிலும் 15ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது: வால்நட் பலகையில் எலும்புத் துணுக்குகளால் நட்சத்திரமும் அறுகோணமும். வெனீஸின் கடல் வணிகம் கொண்டுவந்த அரபு நாட்டுக் கோலங்கள் இதில் அப்படியே தெரிகின்றன. செய்முறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். எலும்பு, மரம், சாயமேற்றிய எலும்பு ஆகியவற்றை முக்கோண, சாய்சதுரக் குச்சிகளாக இழைத்து, கட்டாக ஒட்டி, காய்ந்தபின் குறுக்கே வில்லை வில்லையாக அறுத்தால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரே கோலம். குச்சியின் கோணம் சற்றுப் பிசகினாலும் கட்டு வட்டமாக மூடாது. மெழுகு வைத்து அடைத்த இடைவெளிகளைப் பழைய பெட்டிகளில் காணலாம்.

அக்டோபர் 5, பெர்கமோ

வானம் வெளுத்துவிட்டது. கயிற்றுப் பாதை வண்டியில் மேல்நகரம் ஏறினால் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயம். பலிபீடத்தை ஒட்டிய பாடகர் இருக்கைகளின் தார்சியாப் பலகைகளுக்கு ஓவியர் லொரென்சோ லோத்தோ 1524 முதல் வரைந்து கொடுத்தார். வெட்டி ஒட்டியவர் லோவெரே ஊரைச் சேர்ந்த கப்போஃபெர்ரி. லோத்தோ வெனீஸுக்குப் போனபின்பும் வரைபடங்களை அனுப்பிக்கொண்டிருந்தார், ஆலயத்தை நிர்வகித்த அறக்கட்டளைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. முன்வரிசையில் நான்கு பெரிய பலகைகள்: செங்கடலைக் கடத்தல், நோவாவின் பேழை, யூதித்து, தாவீதும் கோலியாத்தும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மூடி, அந்த மூடியும் தார்சியாதான். உள்ளே இருக்கும் கதைக்கான விடுகதையை அதில் சின்னங்களாகப் போட்டிருக்கிறார் லோத்தோ.

இங்கே மரம் முழுக்க ஓவியத்துக்குப் பணிந்துவிட்டது. கூட்டம், புயல், மேகம், முகபாவம் எல்லாம் வேண்டுமென்றால் தோட்டத்து மரங்களின் நிறங்கள் போதாது. சாயமேற்றிய மரமும் கீறிக் கறுப்பேற்றிய கோடும் துணைக்கு வந்தன. மரத்தைச் சாய நீரில் கொதிக்கவைத்தும் ஊடுருவும் எண்ணெய் ஏற்றியும் நிறம் கொடுத்தவர் என்று 16ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிடுவது வெரோனாவின் ஃபிரா ஜோவான்னியை. அவர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தார்சியாவில் காட்டிய பன்முகக் கோளங்கள் வெரோனாவில் சாந்தா மரியா இன் ஒர்கானோ ஆலயத்தில் உள்ளன. நேரம் இருப்பவர்கள் அங்கேயும் இறங்கலாம்.

மதியம் பொலெந்தா தராஞ்ஞா: மக்காச்சோளமும் கோதுமையைப் போலப் பயன்படும் பக்வீட்டும் கலந்து கிண்டிய கூழில் பாலாடைக்கட்டி உருக்கியது. 12 ஈரோ, கூடவே ஆளுக்கு 2.50 மேசைக் கட்டணம். இந்தக் கட்டணம் உணவுப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் 'கொப்பெர்த்தோ' என்று இருக்கும், ரொட்டியைத் தொடாவிட்டாலும் உண்டு. சைவம் கேட்பவர்கள் இங்கே கசொன்செல்லியைத் தவிர்க்கவும். உள்ளே இறைச்சி, மேலே பன்றிக் கொழுப்பு.

அக்டோபர் 7, பொலோன்யா

ரயில் வேலைநிறுத்தம். காலை பத்து மணிக்குப் பலகையில் வரிசையாகச் சிவப்பு எழுத்து. வட்டார ரயில்களுக்கு வேலைநாள் நிறுத்தத்தின்போதும் காலை 6–9, மாலை 6–9 என உறுதிசெய்யப்பட்ட நேரங்கள் உண்டு. இடையில் ஓடினால் அதிர்ஷ்டம். மாலை ஆறுக்குப் பிறகு பெசாரோ பக்கம் போகும் வண்டி பிடித்தாயிற்று. நிலையத்தில் யாரும் கத்தவில்லை. பக்கத்திலிருந்த மூதாட்டி பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்து எல்லாருக்கும் சுளை கொடுத்தார்.

தடைபட்ட பகல் சான் தொமெனிக்கோ ஆலயத்துக்குப் பயன்பட்டது. பாடகர் இருக்கைகள் பெர்கமோவிலிருந்து வந்த துறவி ஃபிரா தமியானோவின் வேலை. 1528இல் தொடங்கி, 1549இல் இறக்கும்வரை இங்கே உழைத்தார். ஐந்தாம் சார்லஸ் பேரரசர் இது மரமா தீட்டிய ஓவியமா என்று ஐயப்பட்டுக் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தார் என்றொரு கதை உண்டு. அப்படி ஏமாற்றும் அளவுக்கு அன்று நிறம் இருந்திருக்கிறது. இன்று நிற்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் தேன் நிறம், பழுப்பு, கரும்பழுப்பு. வெளிச்சத்தில் தாவரச் சாயங்கள் முதலில் போகும். பச்சை பழுப்பாகும், நீலம் சாம்பலாகும். வெளிர் மரங்கள் காலப்போக்கில் மஞ்சளாகிக் கருக்கும், அடர் மரங்கள் வெளிறும். இரண்டும் நடுவில் வந்து சந்திக்கும்போது படத்தின் ஆழம் போய்விடுகிறது. நிறம் உண்மையில் எப்படி இருந்தது என்று அறிய, பழுதுபார்ப்பவர்கள் பலகையைக் கழற்றும்போது வெளிச்சம் படாத பின்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

அக்டோபர் 8, ஊர்பினோ

ஊர்பினோவுக்கு ரயில் கிடையாது. பெசாரோவிலிருந்து பேருந்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஏறும்போதே காற்று, இறங்கும்போது சாய்மழை. தெருக்கள் செங்குத்து, செங்கல் தரை வழுக்குகிறது; ரப்பர் அடிச் செருப்பு இல்லாமல் வர வேண்டாம்.

ஊர்பினோவை ஆண்ட பிரபு ஃபெதெரிகோ தா மொந்தெஃபெல்த்ரோவின் படிப்பறை அரண்மனையின் உள்ளே இருக்கிறது. பக்கத்துக்குச் சுமார் மூன்றரை மீட்டர்தான், ஒரு படுக்கையறை அளவு. கூரையை ஒட்டிய எழுத்துவரியில் 1476. சுவரின் கீழ்ப்பாதி முழுக்கத் தார்சியா, ஃபுளோரென்ஸின் தா மயானோ சகோதரர்களின் பட்டறையில் செய்ததாகக் கருதப்படுவது. பாதி திறந்த அலமாரிக் கதவுகள், அவற்றின் வலைப்பின்னல், உள்ளே புத்தகங்கள், வீணை போன்ற லூட், வானியல் கருவி, மணற்கடிகாரம், ஓரத்தில் கவசம், பழக்கூடையின் பக்கத்தில் ஒரு அணில். எல்லாமே தட்டையான பலகை. மேலே அறிஞர்களின் 28 ஓவியங்கள் இருந்தன. பாதி இப்போது பாரிஸ் லூவ்ரில்.

எதிர்பாராதது இதுதான்: பொலோன்யாவைவிட அரை நூற்றாண்டு மூத்த இந்த அறையில் படம் இன்னும் முழு ஆழத்தோடு நிற்கிறது. காரணம், இங்கே நிழலைச் சாயம் சுமக்கவில்லை, மரம் சுமக்கிறது. கதவுச் சட்டத்துக்கு வால்நட், வெளிச்சம் படும் விளிம்புக்கு வெளிறிய மரம், இருட்டுக்குச் சதுப்பில் புதைந்து கறுத்த ஓக். சதுப்பு ஓக்கின் கறுப்பு, மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினும் நிலத்தின் இரும்பும் சேர்ந்து நூற்றாண்டுகளில் உருவானது. இழையின் உள்வரை அது பரவியிருப்பதால் மேலே இழைத்தாலும் போகாது. அந்தக் காலத் தார்சியாக்களில் காணும் நீலப்பச்சைகூடச் சாயத்தொட்டியில் வந்ததல்ல: குளோரோசிபோரியா என்ற பூஞ்சை பிடித்த மரத்தைக் காட்டில் தேடி எடுத்தார்கள். அந்தப் பச்சை வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும்.

இரண்டாவது காரணம் தடிமன். 15ஆம் நூற்றாண்டுத் தார்சியாத் துண்டுகள் சில மில்லிமீட்டர் தடிமன், பல நேரம் 3 முதல் 5. கம்பி ரம்பம் அப்போது இந்த வேலையில் இல்லை. நீண்ட கைப்பிடியுள்ள கத்தியின் பிடியைத் தோளில் சாய்த்து, உடல் எடையால் அழுத்தித் துண்டுகளை வெட்டினார்கள். அடிப்பலகையில் உளியால் குழி தோண்டிப் பதித்தார்கள். கத்தி மரத்தை நீக்குவதில்லை, பிளக்கிறது. அதனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பசைக்கோடு தெரிவதில்லை. தடிமன் இருப்பதால் பலமுறை மேற்பரப்பைச் சுத்தம்செய்தும் படம் தேய்ந்து போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் கையால் அறுத்த தகடு 1.5–2 மில்லிமீட்டர், இன்றைய இயந்திரத் தகடு 0.6. பழம்பொருள் கடையில் 'இது 1700' என்று காட்டப்படும் பெட்டியில் உடைந்த ஓரத்தைப் பாருங்கள்: தகடு தாள் போல இருந்தால் தேதியை நம்ப வேண்டியதில்லை.

இந்த அறையில் நிற்க ஓர் இடம் உண்டு. நடுவிலிருந்து மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் ஒரு புள்ளியில் கதவுகள் திடீரென்று சுவரைவிட்டு வெளியே வந்து திறக்கும். உள்ளே வரையப்பட்ட நிழல்கள் அறையின் உண்மையான ஜன்னல் இருக்கும் பக்கத்தை அனுசரித்தே விழுகின்றன. வயதான காவலர் அதைச் சொல்லாமல் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்து, யாராவது அந்தப் புள்ளிக்கு வந்ததும் தலையசைத்தார். கும்பலோடு நுழைந்தால் இது நடக்காது. திறந்த உடனேயோ மூடுவதற்குச் சற்று முன்போ போகவும்.

வெளியே கிரெஷ்ஷா ஸ்ஃபொல்யாத்தா: மைதா, முட்டை, மிளகு, பன்றிக் கொழுப்பு சேர்த்து அடுக்கடுக்காக உருட்டிக் கல்லில் சுட்ட ரொட்டி. கொழுப்பு மாவிலேயே இருப்பதால் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து வாங்கினாலும் சைவமாகாது. 6 ஈரோ. மழையில் கையில் பிடித்துத் தின்ன இதைவிட நல்லது இல்லை.

அக்டோபர் 10, சொரெண்டோ

நேப்பிள்ஸிலிருந்து வட்டார ரயில், ஏறத்தாழ 5 ஈரோ, ஒரு மணிக்கு மேல், நிற்கக்கூட இடமில்லை. இறங்கியதும் 25 பாகைச் சூடு, ஆப்பிரிக்கப் பக்கத்து ஈரக்காற்று. சென்னைக்காரர்களுக்கு உடனே பழகிவிடும்.

சொரெண்டோவின் தார்சியா அரசவைக்காகப் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் வந்துபோன வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கப் பிறந்தது. அதனால் படங்களும் அவர்கள் விரும்பியவை: தாரந்தெல்லா ஆட்டம், வெசூவியஸ், பண்டைய பொம்பெயி நகரின் சுவரோவியக் கோலம். மரமும் ஊர் மரம்தான்: ஆரஞ்சு, ஆலிவ், வால்நட். வியா சான் நிக்கோலாவில் பழைய மாளிகையொன்றில் இருக்கும் முசெயோபொத்தேகா அருங்காட்சியகத்தில் பெரிய பெயர்களைத் தேடுவதைவிடக் கருவிகள் இருக்கும் பகுதியில் நேரம் செலவிடலாம். ஊர்பினோவின் கத்திக்கு நேர் எதிரான தொழில்முறை இது. எல்லாம் கம்பி ரம்பம்.

சந்தில் ஒரு பட்டறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் வேலையை நிறுத்தாமலே கண்ணால் உள்ளே வரச்சொன்னார். செய்முறை இப்படி:

வரைபடத்தை ஒட்டிய தாளின் அடியில் வெவ்வேறு நிறத் தகடுகளை அடுக்கி, மேலும் கீழும் வேண்டாத தகடு வைத்து ஓரங்களில் ஆணியடித்துப் பொட்டலமாக்குகிறார்கள். கால் மில்லிமீட்டர் அளவு ரம்பக் கம்பியால் அடுக்கு முழுவதையும் ஒரே மூச்சில் அறுக்கிறார்கள். ஒரு அறுப்பில் பல பிரதிகள் கிடைக்கும், நிறத்தை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். ஆனால் ரம்பம் தின்ற அளவு இடைவெளி விழும். அதில் வஜ்ஜிரமும் மரத்தூளும் நிரம்பிக் கறுப்புக் கோடாகத் தெரியும். கோடே தெரியக் கூடாது என்றால் இரண்டு தகடு மட்டும் வைத்து, மேசையை 12 பாகை அளவில் சாய்த்து அறுக்க வேண்டும். அப்போது மேல்துண்டு கீழ்த்துளையில் தக்கை போல இறுகும். தகடு மெல்லியதாகவோ கம்பி தடித்ததாகவோ இருந்தால் சாய்வு கூட வேண்டும். இந்த வழியில் ஒரு அறுப்புக்கு ஒரே பிரதிதான். விலை வித்தியாசத்தின் மூலமே இதுதான்.

அடுத்தது நிழல். கழுவிச் சலித்த பொடிமணலை இரும்புச் சட்டியில் மூன்று விரல் ஆழம் பரப்பி அடுப்பில் வைத்திருந்தார். துண்டின் ஓரத்தை இடுக்கியால் பிடித்து மணலில் செருகினால் எட்டுப் பத்து விநாடியில் ஓரம் பழுப்பேறும். அடிமணல் சூடு அதிகம், மேல்மணல் குறைவு என்பதால் நிழல் தானே கரைந்து வெளிறும். முதலில் வீண்துண்டில் சோதனை. கறுத்துவிட்டால் அந்தத் துண்டு பயன்படாது: கரியான ஓரம் ஒட்டும்போது பொடியும். சூட்டில் மரம் சுருங்கும் என்பதால் உடனே ஈரத் துணியால் தொட்டு, பழைய அளவுக்கு வரவிட்டுத்தான் பொருத்துவார். சாயம் போல இது மங்காது, ஏனென்றால் மரமே வறுபட்டிருக்கிறது. ஊர்பினோவில் வேறு வேறு மரத்தால் வந்த நிழல் இங்கே ஒரே மரத்துக்குள் வருகிறது. தென்னித்தாலியின் இந்த நுட்பத்தைப் பயணிகளின் நினைவுப்பொருள் என்று ஒதுக்குபவர்கள் சட்டிக்கு முன்னால் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

ஒட்டுவதற்கு அவர் வஜ்ஜிரம்தான் வைத்திருந்தார். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு எடை தண்ணீர், இரவு ஊறல், நேரடி நெருப்பு படாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் 60–65 பாகை. கொதித்தால் பிடிப்பு போய்விடும். ஆலிவ் மரத்தில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முன் சாராயத்தால் துடைக்காவிட்டால் ஒரு வருடத்தில் எழும்பும். பலகையின் அடிப்பக்கத்திலும் ஒரு தகடு ஒட்டாவிட்டால் மூடி ஒரு பக்கமாக வளையும்; பெட்டியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மேல்பூச்சு அரக்கு என்றால் வெளிச்சம் மென்மையாகப் படியும், பழுது பார்க்கலாம். கண்ணாடி போல் மின்னும் பாலியெஸ்டர் பூச்சு கீறினால் ஒட்டுப்போட முடியாது.

அக்டோபர் 11, சொரெண்டோ

கடைத்தெரு. ஒரு கடையில் 25 ஈரோ இசைப்பெட்டியைக் கையால் செய்த தார்சியா என்று கொடுத்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் பூவிதழுக்குள்ளும் பின்னணிக்குள்ளும் ஒரே ரேகை இடையறாமல் ஓடுகிறது: அச்சிட்டு ஒட்டிய படம். உண்மையானதில் துண்டுக்குத் துண்டு ரேகையின் திசை மாறும், வெளிச்சத்தில் திருப்பினால் ஒவ்வொரு துண்டும் வேறு நேரத்தில் மின்னும். நல்ல சிறு பெட்டி 50–70 ஈரோவுக்குக் குறைந்து கிடைக்காது, படமுள்ள மேசை ஆயிரத்தைத் தாண்டும்.

மதியம் 'ஞொக்கி அல்லா சொரென்தினா': தக்காளியும் மொத்சரெல்லாவும் உருகிய உருளைக்கிழங்கு உருண்டைகள், 11 ஈரோ. பிறகு எலுமிச்சைப் பாலாடை நிரப்பிய தெலீத்சியா என்ற கேக். பரிமாறியவர், வெயில் தணியும்வரை வெளியே போக வேண்டாம் என்று தண்ணீர்க் குடுவையைக் காசு வாங்காமல் வைத்துவிட்டுப் போனார்.

பழைய சாமான் வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்கு: 70 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை இத்தாலியிலிருந்து வெளியே கொண்டுபோக அனுமதி நடைமுறை உண்டு, மதிப்பு 13,500 ஈரோவுக்குக் கீழ் என்றால் பொதுவாகச் சொந்த அறிவிப்புப் படிவத்தோடு முடியும், மேலே என்றால் ஏற்றுமதி அலுவலகத்தின் உரிமம். விற்பவரே செய்து தருவாரா என்று முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளவும். தந்தம், ஆமையோடு உள்ள எதையும் இந்தியாவுக்குக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம், எவ்வளவு பழையதாக இருந்தாலும். 1.5–2 மில்லிமீட்டர் வட்டத் துளைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். புதிதாக வெளிர்தூள் கொட்டினால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் ஈரப்பதம் 45–55 சதவீதம் இருக்கும் அறையே உகந்தது. ஏசி காற்று நேரே படும் சுவரிலும் வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வைக்கக் கூடாது. இரவு மட்டும் ஏசி ஓடும் அறை இன்னும் மோசம்: பகலில் 75, இரவில் 45 என்று தினமும் ஏறி இறங்கினால் வஜ்ஜிரம் முதலில் அடிப்பலகை இணைப்பின் மேல்தான் விடும். தகடு எழும்பினால் ஃபெவிகால் விட்டு அழுத்தாமல், பெயர்ந்த துண்டைக் காகித உறையில் போட்டு, எந்த மூலையிலிருந்து விழுந்தது என்று எழுதிவையுங்கள். வஜ்ஜிரம் வெந்நீரில் திரும்ப இளகும். ஃபெவிகால் விட்ட இடத்தில் மறுபடி சுத்தமாகப் பிரித்து ஒட்டுவது மிகக் கடினம்.